மலைப்பாதையில் ஒரு கணித ஆசிரியர்

பழநி மலையின் படிகள் 693. அவற்றில் ஏறத்தாழப் பாதியைக் கடந்த நிலையில், சேலத்தைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர் மேற்கொண்டு ஏற இயலாமல் ஓரமாக அமர்ந்துவிட்டார். சென்ற ஆண்டு பங்குனி உத்திரக் கூட்டம் ஓய்ந்த மறு வாரம் அது. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. நோயாளியும் அல்லர், உடல் பருத்தவரும் அல்லர். ஆறு ஆண்டுகளாக அதிகாலையில் எழுந்து ஓடும் வழக்கமுடையவர். பத்து கிலோமீட்டர் தொலைவை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓடி முடிப்பவர். ஆயினும் அன்று அவருக்கு நெஞ்சு படபடத்தது, தொடைகள் நடுங்கின.

அவ்வேளையில் அவருடைய மாமியார் கைப்பிடியைப் பற்றியவாறு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். எழுபத்தோரு வயது மூதாட்டி அவர். மருமகன் அமர்ந்திருப்பதைக் கண்டு, “என்ன மாப்பிள்ளை, தினமும் ஓடறவர் நீங்க, இப்படி உட்கார்ந்துட்டீங்களே?” என்று வினவினார். அதில் கேலி இல்லை. உண்மையான வியப்பு மட்டுமே இருந்தது. பதிலுக்குக் காத்திராமல், முருகா என்று சொல்லிக்கொண்டே அவர் மேலே சென்றுவிட்டார்.

தண்டாயுதபாணியைத் தரிசித்து இல்லம் திரும்பிய பின்னரும் அந்தக் கேள்வி ஆசிரியரை விடவில்லை. நாள்தோறும் ஓடும் கால்களுக்கு மலை மட்டும் ஏன் வசப்படவில்லை? கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கமுடையவராதலால், அதற்கும் ஒரு கணக்குப் போட்டார்.

சமதளமும் ஏற்றமும்

சமதளத்தில் ஓடுகிறவர் தம் உடலை முன்னோக்கிச் செலுத்துகிறார். மலையேறுகிறவரோ தம் எடையைச் சுமந்து மேலே தூக்குகிறார். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை மட்டும் ஏறத்தாழ 16 கிலோ கலோரி. நம் தசைகள் உண்ட உணவின் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கையே இத்தகைய வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது வெப்பமாகக் கழிகிறது. எனவே உடல் செலவிடுவது 65 கலோரி அளவுக்கு வந்துவிடும். அதே மனிதர் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஆகும் செலவும் ஏறத்தாழ அவ்வளவே. ஆக, 100 மீட்டர் உயரம் ஏறுவது கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஒப்பாகும்.

பழநி மலையின் உயரம் ஏறத்தாழ 450 அடி, அதாவது 140 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்கின்படி ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குரிய உழைப்புதான் அது. பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது பெரிதல்லவே என்று தோன்றும். பிழை அங்கேதான் இருந்தது. அவர் அந்த உழைப்பை, ஓடுகிறவன் என்ற இறுமாப்பில், மிகச் சில நிமிடங்களுக்குள் செலவிட முயன்றார். மாமியாரோ அதே தொகையை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்து செலவிட்டார். தொகை ஒன்றுதான், செலவழித்த வேகம்தான் வேறு.

தசைகளின் நிலையும் வேறுபடுகிறது. ஏற்றத்தில் இடுப்பின் பின்புறத் தசைகளும் தொடைகளும் கெண்டைக்கால்களும் சமதளத்தைவிட மிகுதியாக உழைக்க வேண்டும். விளையாட்டு மைதானத்தையே சுற்றி வந்த கால்களுக்கு அந்த உழைப்பு பழக்கமில்லை. பழகாத வேலைக்குப் பயிற்சிதான் வழி என்று தீர்மானித்த ஆசிரியர், மலைப்பாதையில் ஓடிப் பழகுவதென்று முடிவு செய்தார்.

கோயில் படிகளில் அவர் பயிற்சி செய்ய விரும்பவில்லை. படிகள் அடியார்கள் நிதானமாக ஏறுவதற்கு உரியவை. முதியோரும் குழந்தைகளும் காவடி சுமப்போரும் செல்லும் வழியில் ஒருவர் மூச்சிரைக்க ஓடுவது முறையன்று, ஆபத்தும்கூட. ஆகவே அவர் தேர்ந்தது, சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைச்சாலை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டு சேர்வராயன் மலைமீது ஏறும் பாதை அது.

முதல் நாள்

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் அடிவாரத்தில் இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கினார். மைதானத்தில் ஓடும் அதே வேகம். சாலையின் ஏற்றம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடங்களில் வாயால் மூச்சு வாங்க நேர்ந்தது. பத்தாவது நிமிடத்தில் கால்கள் ஈயக் குண்டுகளாகக் கனத்தன. முதல் கொண்டை ஊசி வளைவையாவது எட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். அதை எட்டுவதற்கு முன்பே நெஞ்சின் நடுவில் ஏதோ அழுத்துவது போன்ற இறுக்கம் தோன்றியது. தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்மீது அமர்ந்திருந்த குரங்குகள் அவரை வேடிக்கை பார்த்தன. சில நிமிடங்களில் இறுக்கம் தணிந்தது. மெல்ல நடந்து கீழிறங்கி வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் எவரிடமும் அவர் அதைக் கூறவில்லை. காலைச் சிற்றுண்டியைப் பாதியில் நிறுத்தினார். மனைவி காரணம் கேட்டபோது, “வாய்வுத் தொந்தரவு, ஒண்ணுமில்லை” என்றார்.

அடுக்களை வாயிலில் நின்றிருந்த மாமியார் அதைக் கேட்டார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரும் வாய்வுன்னுதான் மாப்பிள்ளை சொன்னார்” என்றார்.

அவருடைய கணவர் ஐம்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பால் மறைந்தவர். காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாய்வு என்று சொல்லிவிட்டுக் கடைக்குச் சென்றார், மாலையில் திரும்பவில்லை. அந்தக் குடும்பத்தில் அச்சொல்லை அதற்குப் பிறகு எவரும் எளிதாகச் சொன்னதில்லை. ஆசிரியர் மறந்து சொல்லிவிட்டார். மனைவி அடுப்பை அணைத்தார். அடுத்த அரைமணி நேரத்தில் மூவரும் மருத்துவமனையில் இருந்தனர்.

மருத்துவர் வகுத்த எல்லை

இ.சி.ஜி. எடுக்கப்பட்டது, ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது, சில நாட்கள் கழித்து, நகரும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தை ஆராயும் டிரெட்மில் பரிசோதனையும் நடைபெற்றது. இதயத்துக்குக் குருதி செல்வதில் தடை இருப்பதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. ஆனால் ரத்த அழுத்தம் 150-க்கு 96 என்று இருந்தது. ஆறு ஆண்டுகள் ஓடியவர், ஓடுகிறோமே என்ற நம்பிக்கையில் ஒருமுறைகூட அதை அளந்து பார்த்ததில்லை.

மருத்துவர் மலையேற்றத்தைத் தடை செய்யவில்லை, வரிசைப்படுத்தினார். முதலில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வர வேண்டும். மாத்திரையும் உப்புக் குறைப்பும் அதற்கு. அதுவரை சமதளத்தில் மெதுவான ஓட்டம் மட்டும். பிறகு மலை. மலையில் எப்போதும் முழு வாக்கியம் ஒன்றைத் திக்காமல் பேச முடிகிற அளவுக்கே உழைக்க வேண்டும். பேச முடியவில்லையெனில் அது நடக்க வேண்டிய நேரம். நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. நின்றுவிட்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். “வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு போவதில் வெட்கமே கிடையாது” என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்.

220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் ஒருவரின் இதயத் துடிப்பின் உச்ச எல்லை கிடைக்கும் என்பது பரவலாக வழங்கும் வாய்பாடு. ஆசிரியருக்கு அது 167. ஆனால் அது தோராயமான சராசரியே. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புகளுக்கு மேலும் மாறுபடலாம். கணித ஆசிரியருக்கு வாய்பாட்டின்மீதுதான் நம்பிக்கை அதிகம். இருந்தும் மருத்துவர் சொன்ன பேச்சுச் சோதனையையே கைக்கொண்டார். அதற்குக் கருவியும் தேவையில்லை.

ஒரு காலணித் தொழிலாளியின் பாடம்

ரத்த அழுத்தம் தணியக் காத்திருந்த அந்த வாரங்களில், மலைப்பயிற்சியை ஓட்டக்காரர்களுக்கு முறையாக வகுத்துக் கொடுத்த ஒருவரின் வரலாற்றை ஆசிரியர் படித்தார். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட், காலணித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். தம்மைத் திடகாத்திரமானவர் என்று எண்ணியிருந்த அவர், வயதில் மூத்த சங்கத் தோழர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடியபோது மூச்சிரைத்துத் தளர்ந்து போனார். அந்த நாணமே அவரைச் சிந்திக்க வைத்தது. இதைப் படித்தபோது ஆசிரியருக்குப் பழநிப் படிகளும் மாமியாரும் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

பல ஆண்டுகள் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து லிடியார்ட் வகுத்த முறையில் முதலிடம் வேகத்துக்கு இல்லை. பல வாரங்கள் நிதானமான நீண்ட ஓட்டம் முதலில். அந்த அடித்தளம் அமைந்த பிறகே மலை. மலையில் வலிமை பெற்ற பிறகே வேகப் பயிற்சி. ஆக்லாந்துக்கு அருகிலுள்ள வைட்டாகெரே மலைத்தொடரில் 22 மைல் நீளமுள்ள ஏற்ற இறக்கப் பாதையில் அவருடைய மாணவர்கள் ஓடிப் பழகினர். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். பாரி மாகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். மூவரும் லிடியார்டின் மாணவர்கள்.

அதனினும் ஆசிரியரின் மனத்தைத் தொட்டது வேறொன்று. 1960-களின் தொடக்கத்தில் நடுத்தர வயதினரையும், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களையும்கூட மெதுவோட்டத்துக்கு அழைத்து வந்தவர் அதே லிடியார்ட். உடன் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும் என்பதே அவர் வகுத்த அளவு. சேலத்து மருத்துவர் சொன்ன அதே எல்லை. ஒலிம்பிக் வீரருக்கும் இதய நோயாளிக்கும் அடித்தளம் ஒன்றே என்பதை அவர் கண்டுகொண்டார்.

இரண்டாம் தொடக்கம்

ஆவணி மாதம் ரத்த அழுத்தம் சீரானது. மருத்துவர் அனுமதித்தார். மீண்டும் அதே அடிவாரம். இம்முறை மனைவியும் உடன் வந்தார். கணவர் ஓடும்போது தாமும் சாலையோரமாக நடப்பதென்று அவர் விதித்த நிபந்தனை அது.

முதல் நான்கு வாரங்களுக்கு வகுத்த திட்டம் மிக எளியது. பதினைந்து நிமிடங்கள் சமதளத்தில் மெதுவோட்டம். பிறகு மிதமான ஏற்றத்தில் ஒரு நிமிடம் ஓட்டம். அந்தத் தொலைவை நடந்தே இறங்குதல். இவ்வாறு நான்கு முறை. அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் மலை கிடையாது. இடைப்பட்ட நாட்களில் வழக்கமான சமதள ஓட்டமும் ஓய்வும். மாதம் முடிந்தபோது நான்கு முறை எட்டு முறையாயிற்று.

ஓடும் விதத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஏற்றத்தில் எட்டு வைத்து ஓடினால் கால் விரைவில் தளரும். அடிகளைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். இடுப்பை மடித்துக் குனிந்தால் நுரையீரல் விரிய இடமின்றிப் போகும். கணுக்காலிலிருந்து உடல் முழுவதும் சற்றே முன்சாய வேண்டும். பார்வை காலடியிலும் இருக்கலாகாது, உச்சியிலும் இருக்கலாகாது. பத்துப் பதினைந்து அடி முன்னால் இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை மலையில் மறந்துவிட வேண்டும். வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்க்க வேண்டும்.

மிகச் செங்குத்தான இடங்களில் அவர் நடந்தார். தொடக்கத்தில் அது தோல்வியாகத் தோன்றியது. ஆனால் ஓட்டமும் நடையும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்துவிடும் அளவுக்கு ஏற்றம் கடுமையாகும்போது, நடையே குறைந்த ஆற்றலில் அதே உயரத்தைக் கடக்க உதவும். மலையோட்டப் பந்தயங்களில் தேர்ந்த வீரர்களும் செங்குத்தான பகுதிகளை நடந்தே கடக்கின்றனர்.

சாலையின் ஒழுங்கும் முக்கியமானது. எதிரே வரும் வாகனங்கள் கண்ணில் படும்படி வலப்புறமாக ஓடுவது பொது வழக்கம். ஆயினும் கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநருக்கு உட்புறம் தெரியாது. அங்கே ஓட்டத்தை நிறுத்தி, பார்வைக்குத் தெளிவான பக்கமாக நடந்து கடப்பதே பாதுகாப்பு. ஒளிரும் மேலாடை கட்டாயம். காதில் பாட்டுக் கருவி கூடாது; வாகன ஒலி கேட்க வேண்டும். கையில் தின்பண்டப் பொட்டலம் இருந்தால் குரங்குகள் பின்தொடரும். மழைநாட்களில் மலைக்குச் செல்லாமல் இருப்பதே நன்று.

இறக்கம் கேட்கும் வட்டி

ஆறாவது வாரத்தில் ஆசிரியருக்கு ஒரு தவறு நேர்ந்தது. ஏறுவது எளிதாகிவிட்ட மகிழ்ச்சியில், இறங்கும்போது நடக்காமல் பாய்ந்து ஓடி வந்தார். அன்று எந்த வலியும் இல்லை. மறுநாள் லேசாகப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் வகுப்பறை மேடையிலிருந்து இறங்கவே மேசையைப் பற்ற வேண்டியிருந்தது. மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டனர்.

இறக்கத்தில் மூச்சு வாங்காது. ஆகவே உழைப்பு இல்லை என்று தோன்றும். உண்மை வேறு. கீழிறங்கும் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை, நீண்டுகொண்டே உடல் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. இவ்வாறு நீண்டபடி சுமை தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் மிகுதியாக ஏற்படுகின்றன. அவ்வலி உடனே வாராது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சமடையும். ஏற்றம் கையோடு ரொக்கம் கேட்கும். இறக்கம் கடன் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வட்டியோடு வசூலிக்கும்.

இதில் ஆறுதலும் உண்டு. ஒருமுறை மிதமான அளவில் இந்த உழைப்பைப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பில் குறைவாகவே நோகும். எனவே இறக்கத்தையும் சிறிது சிறிதாகப் பழக வேண்டும். மலைக்கோயிலுக்குச் சென்று திரும்பிய மூன்றாம் நாள் தொடை வலிக்கிறது என்று கவலையுறும் அன்பர்கள், அது இறங்கியதன் விளைவே என்பதை அறிந்துகொள்ளலாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களோ ஏறுவதைவிட இறங்குவதிலேயே மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

கார்த்திகை மாதத்தில், நடையும் ஓட்டமுமாக ஐம்பது நிமிடங்கள் இடைவிடாது ஏற அவரால் இயன்றது. முதல் கொண்டை ஊசி வளைவு என்றோ பின்னால் போயிருந்தது. எத்தனை வளைவு கடந்தோம் என்று எண்ணுவதை அவர் நிறுத்தியிருந்தார். ரத்த அழுத்தத்தை மட்டும் வாரந்தோறும் குறித்து வைத்தார்.

மீண்டும் பழநி

இவ்வாண்டு தைப்பூசக் கூட்டம் குறைந்த பின் குடும்பத்தினர் பழநிக்குச் சென்றனர். விஞ்ச்சும் ரோப் காரும் இருந்தும் மாமியார் வழக்கம்போலப் படிவழியையே விரும்பினார். அடிவாரத்தில் செருப்புகளை விட்டுவிட்டு வெறுங்காலுடன் ஏறத் தொடங்கினர்.

ஆசிரியரால் இப்போது மூச்சிரைக்காமல் முன்னேறிச் சென்றுவிட முடியும். அவர் செல்லவில்லை. மாமியாரின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவருக்கு ஒரு படி பின்னால் நடந்தார். அந்த நிதானத்தில்தான் சென்ற ஆண்டு காணத் தவறிய ஒன்றைக் கண்டார். மாமியார் களைப்படைந்து எங்கும் அமரவில்லை. களைப்பின் அறிகுறி எதுவும் இல்லாத இடத்திலேயே, ஒரு மண்டபத்தின் நிழலில், தாமாக அமர்ந்தார்.

“கால் வலிக்குதா அத்தை?” என்று வினவினார் ஆசிரியர்.

“வலிக்கலை மாப்பிள்ளை. வலிச்சப்புறம் உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராது. அதனாலே முன்னாடியே உட்கார்ந்துக்குவேன். முப்பது வருஷமா இப்படித்தான்.”

மருத்துவரிடமும் நூல்களிலும் ஆறு மாதம் கற்ற பாடத்தை, பக்கத்து அறையிலேயே இருந்தவரிடம் கேட்டிருக்கலாமே என்று ஆசிரியர் நாணினார்.

வழியில் இடும்பன் சந்நிதி வந்தது. அகத்தியரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைக் காவடியாகக் கட்டிச் சுமந்து வந்தவன் இடும்பன். அத்தகைய வலியவனும் இளைப்பாறுவதற்காகச் சுமையை இறக்கி வைத்த இடமே பழநி என்பது தலபுராணம். மாமியார் சந்நிதியில் கைகூப்பிவிட்டு, சற்றுத் தள்ளிப் படியோரமாக அமர்ந்தார். ஆசிரியரும் அருகில் அமர்ந்தார். அவருக்குக் களைப்பு இல்லை.

சிறிது நேரம் கழித்து மாமியார், “அவரும் உங்களை மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்” என்றார். அதற்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை. மகள் தாயின் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு மூவரும் எழுந்து, எஞ்சிய படிகளை ஒன்றாக ஏறினர்.